வரிசை எங்கே உருவாகிறது?

40,000 புத்தகங்கள் உள்ள ஓர் இணையப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, விலை என்று ஒரு பதிவு. பட்டியலின் மேலே ஒரு சின்னப் பெட்டி: ‘விலை குறைந்தது முதலில்’, ‘புதியது முதலில்’, ‘தலைப்பு அகரவரிசை’. வாசகர் அதில் ஒன்றைத் தொட்டதும் முதல் 20 புத்தகங்கள் திரைக்கு வர வேண்டும்.

இந்தப் பெட்டியை எழுதுகிற நிரலாளர் பெரும்பாலும் 50 மாதிரிப் பதிவுகளை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார். 50 பதிவுகளை எப்படி வரிசைப்படுத்தினாலும் வேகமாகத்தான் இருக்கும். குறைகள் எல்லாம் பிறகு வருகின்றன. பட்டியல் வளர வளரப் பக்கம் திறக்கும் நேரம் கூடுகிறது. முதல் பக்கத்தில் பார்த்த புத்தகம் இரண்டாம் பக்கத்திலும் வந்து நிற்கிறது. ‘அன்பு’ என்று தொடங்கும் தலைப்பு ‘அமுதம்’ என்பதற்கு முன்னால் வருகிறது.

ஒரு நூல் பட்டியலுக்கு வேலை செய்தபோது இந்த மூன்றையும் நான் சந்தித்தேன். மூன்றும் வெவ்வேறு குறைகள் என்று நினைத்துத் தனித்தனியாகச் சரிசெய்யப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது, மூன்றுக்கும் வேர் ஒன்று. வாசகர் கேட்கும்போது உண்டாக்கிக்கொள்ளும் ஒன்றாகவே வரிசையை நினைத்திருந்தேன். பதிவை எழுதி வைக்கும்போதே அதன் வரிசையையும் சேர்த்து எழுதி வைத்துவிட்டால், கேட்கும் நேரத்தில் செய்ய வேண்டியது எடுத்துக் கொடுப்பது மட்டும்தான். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

ஒப்பிடுவதில் அல்ல, சுமப்பதில்

வரிசைப்படுத்தல் என்றதும் கணினியியல் படித்தவர்களுக்கு மெர்ஜ் சார்ட், குவிக் சார்ட் எல்லாம் நினைவுக்கு வரும். மெர்ஜ் சார்ட்டை ஜான் வான் நாய்மன் 1945இல் வகுத்தார். குவிக் சார்ட், டோனி ஹோர் மாஸ்கோவில் படித்துக்கொண்டிருந்த 1959 வாக்கில் அவருக்குத் தோன்றிய யோசனை. இந்த வகை அல்காரிதங்கள் செய்யும் வேலையைத் தோராயமாகக் கணக்கிடுவது எளிது. பதிவுகளின் எண்ணிக்கையை எத்தனை முறை பாதியாக்கினால் ஒன்றில் வந்து நிற்கும் என்று பாருங்கள். அந்த எண்ணால் பதிவுகளின் எண்ணிக்கையைப் பெருக்குங்கள். 40,000ஐ 15 முறைக்குச் சற்றுக் கூடுதலாகப் பாதியாக்கலாம். ஆகவே சுமார் 6 லட்சம் ஒப்பீடுகள். 10 லட்சம் பதிவுகள் என்றால் சுமார் 2 கோடி.

விலைபோன்ற எண்களை ஒப்பிடுவதானால் 6 லட்சம் ஒப்பீடு சாதாரண ஃபோனுக்குக்கூடப் பெரிய வேலை இல்லை. அப்புறம் ஏன் பக்கம் திணறுகிறது? சுமையைப் பாருங்கள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும். ‘கி’ என்ற ஓரெழுத்து, மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்து 6 பைட். தலைப்பும் ஆசிரியரும் பதிப்பகமும் சேர்ந்த ஒரு பதிவு 400 பைட் என்று வைத்துக்கொண்டால் 40,000 பதிவுகள் 16 எம்பி. 20 புத்தகங்களைக் காட்ட 16 எம்பியை மொபைல் டேட்டாவில் இறக்கி, அதை ஜேசன் என்ற தரவு வடிவத்திலிருந்து பிரித்து, நினைவகத்தில் பரப்பி, அப்புறம்தான் வரிசைப்படுத்தலே தொடங்குகிறது. சர்வரில் இயங்கும் நிரல் தரவுத்தளத்திலிருந்து 40,000 பதிவுகளையும் இழுத்துத் தானே வரிசைப்படுத்தினாலும் இதே கதைதான். சுமை இணையத்தில் இல்லாமல் இரண்டு சர்வர்களுக்கு நடுவே போகிறது, அவ்வளவுதான்.

உலாவியில் செய்யலாமா?

செய்யலாம், பதிவுகள் முழுவதும் ஏற்கெனவே உலாவியில் இருந்தால். ஒரு வகுப்பின் மதிப்பெண் பட்டியல், ஒரு மாதச் செலவுக் கணக்கு, சில நூறு வரிகள் உள்ள அட்டவணை எல்லாம் இந்த ரகம். நெடுவரிசைத் தலைப்பைத் தொடும் ஒவ்வொரு முறையும் சர்வருக்குப் போய் வருவது இங்கே வீண். ஆனால் 40,000இல் 20ஐ மட்டும் இறக்கிவிட்டு அந்த 20ஐ மட்டும் விலைப்படி அடுக்குவது தவறு. வாசகருக்கு அது முழுப் பட்டியலின் வரிசைபோலத் தெரியும். மிக மலிவான புத்தகம் வேறொரு பக்கத்தில் கிடக்கும்.

உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சார்ட் என்று மட்டும் எழுதினால் எண்களையும் எழுத்துச் சரங்களாக மாற்றித்தான் அது ஒப்பிடும். 1, 9, 10 ஆகியவை 1, 10, 9 என்று வரும். விலைப் பட்டியலில் 1,000 ரூபாய்ப் புத்தகம் 95 ரூபாய்ப் புத்தகத்துக்கு முன்னால் நிற்கும். ஒப்பிடும் ஃபங்ஷனைக் கொடுத்தால் இது சரியாகிவிடும். அந்த ஃபங்ஷன் ‘முதலாவது பெரியதா’ என்பதற்கு ஆம், இல்லை என்று பதில் தரக் கூடாது. குறை எண், சுழி, மிகை எண் மூன்றில் ஒன்றைத் தர வேண்டும்.

இன்னொன்று, சமமான பதிவுகளின் ஒழுங்கு. முதலில் ஆசிரியர்படி அடுக்கிவிட்டு, பிறகு விலையைத் தொடுகிறார் வாசகர். ஒரே விலையுள்ள புத்தகங்களுக்குள் ஆசிரியர் வரிசை கலையாமல் இருக்கும் என்று எதிர்பார்க்கிறார். இதை நிலையான வரிசைப்படுத்தல் என்பார்கள். குரோம் உலாவியின் வி8 எஞ்சின் 2018 வரை இந்த உறுதியைத் தரவில்லை. 10 உறுப்புகள் வரை ஒரு முறை, அதற்கு மேல் குவிக் சார்ட் என்று அது மாறிக்கொண்டது. சிறிய பட்டியலில் ஒழுங்கு காப்பாற்றப்படும், பெரிய பட்டியலில் குலையும். 10 வரிகளை வைத்துச் சோதித்தவர்கள் கண்ணில் அது படவே வாய்ப்பில்லை. குரோம் 70இலிருந்து டிம்சார்ட் வந்தது. டிம் பீட்டர்ஸ் 2002இல் பைத்தானுக்காக எழுதிய முறை இது. ஏற்கெனவே வரிசையாக இருக்கும் துண்டுகளைக் கண்டுபிடித்து அவற்றை அப்படியே பயன்படுத்திக்கொள்ளும். நிஜத் தரவு பெரும்பாலும் பாதி வரிசையோடுதான் வருகிறது என்பதை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 2019ஆம் ஆண்டின் ஜாவாஸ்கிரிப்ட் மொழித் தரநிலை, நிலையாக இருப்பதை எல்லா உலாவிகளுக்கும் கட்டாயமாக்கியது.

அட்டைப் பெட்டிகள்

சரி, பெரிய பட்டியலுக்கு வருவோம். வேலையைத் தரவுத்தளத்திடமே விடுகிறோம். ‘விலைப்படி அடுக்கு, 20 மட்டும் கொடு’ என்கிறது நம் குவெரி, அதாவது தரவுத்தளத்துக்கு நாம் அனுப்பும் கேள்வி. உள்ளே என்ன நடக்கிறது?

விலைப்படி முன்கூட்டியே அடுக்கி வைத்த இன்டெக்ஸ் எதுவும் இல்லையென்றால் தரவுத்தளம் 40,000 பதிவுகளையும் படித்தாக வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் அடுக்க வேண்டியதில்லை. போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இந்த இடத்தில் நன்றாக வேலை செய்கிறது. 20 இடங்கள் உள்ள, கடைசியில் நிற்பதை உடனே காட்டும் ஹீப் என்ற அமைப்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதுப் பதிவையும் அந்த 20இல் கடைசியாக நிற்பதோடு ஒப்பிடும். அதைவிட விலை அதிகமா, தள்ளிவிடும். குறைவா, உள்ளே எடுத்துக்கொண்டு கடைசியை வெளியேற்றும். ‘20 மட்டும்’ என்று சொல்லும் லிமிட்டைப் போட மறந்தால் இந்த வசதி கிடையாது. முழுவதையும் அடுக்க வேண்டும்; அதற்குப் போஸ்ட்கிரஸ் ஒதுக்கும் நினைவகம் இயல்பாக 4 எம்பிதான். நம் பட்டியல் 16 எம்பி. மீதி வட்டுக்குப் போய்த் தற்காலிகக் கோப்புகளாக விழுந்து, திரும்ப வந்து இணையும். குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் என்று போட்டுப் பார்த்தால் இவை எல்லாம் தெரியும். வட்டுக்குப் போனது, எவ்வளவு போனது என்றுகூடச் சொல்லும். வரிசைப்படுத்தலில் சிக்கல் என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது அந்த வெளியீட்டைத்தான்.

ஹீப் வைத்தாலும் 40,000 பதிவுகளையும் படிப்பது மிச்சம் இருக்கிறது. அதையும் தவிர்க்கத்தான் இன்டெக்ஸ்.

கணினி வருவதற்கு முன் நூலகங்களில் சின்னச் சின்ன இழுப்பறைகள் கொண்ட மர அலமாரி இருக்கும். ஆசிரியர் பெயருக்கு ஒரு வரிசை இழுப்பறைகள், தலைப்புக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று. புத்தகம் ஒன்றுதான், அட்டைகள் பல. அட்டைகள் எப்போதும் வரிசையாகவே இருக்கும், ஏனென்றால் புதுப் புத்தகம் வரும்போதே நூலகர் அந்தந்த இடத்தில் செருகிவிடுவார். வாசகர் வந்து கேட்கும்போது யாரும் எதையும் அடுக்குவதில்லை. தரவுத்தள இன்டெக்ஸ் இதேதான். இதற்குப் பயன்படும் பி-மரம் என்ற அமைப்பை ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மக்ரைட்டும் போயிங் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்தபோது, 1970 வாக்கில் உருவாக்கினார்கள். இன்றைக்கும் போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் எல்லாம் அதன் வழிவந்த அமைப்பைத்தான் நம்பியிருக்கின்றன. போஸ்ட்கிரஸ் வட்டில் எழுதும் ஒரு பக்கம் 8 கேபி. அதில் சில நூறு அட்டைகள் அடங்கும். அதனால் ஒரு கோடிப் பதிவுகள் இருந்தாலும் மூன்று நான்கு தாவல்களில் வேண்டிய இடத்துக்குப் போய்விடலாம். அங்கிருந்து 20 அட்டைகளை வரிசையாக எடுத்தால் வேலை முடிந்தது. பின்னாலிருந்து முன்னால் எடுத்தால் விலை கூடுதலானது முதலில் வரும். அதற்குத் தனி இன்டெக்ஸ் தேவையில்லை.

அட்டைப் பெட்டி என்ற படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகளைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். வாசகர் ‘சிறுகதைகள் மட்டும், விலைப்படி’ என்று கேட்கிறார். வகைக்கு ஓர் இன்டெக்ஸ், விலைக்கு ஓர் இன்டெக்ஸ் என்று தனித்தனியே வைத்திருந்தால் இரண்டும் முழு உதவி செய்யாது. வகை இழுப்பறையில் சிறுகதை அட்டைகள் எல்லாம் கிடைக்கும், ஆனால் விலைப்படி இருக்காது. எடுத்து அடுக்க வேண்டும். விலை இழுப்பறையில் போனால் ஒவ்வோர் அட்டையையும் எடுத்து ‘இது சிறுகதையா’ என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். பட்டியலில் சிறுகதை நிறைய இருந்தால் 20 சீக்கிரம் கிடைத்துவிடும். அரிய வகை என்றால், நாட்டார் வழக்காறு என்று வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியின் கடைசிவரை போக நேரலாம். ஒரே குவெரி ஒரு வகைக்கு உடனே வருகிறது, இன்னொரு வகைக்கு நொடிக்கணக்கில் இழுக்கிறது என்ற புதிர் பல நேரம் இதனால்தான். வகையும் விலையும் சேர்ந்த ஒரே இன்டெக்ஸ், வகை முன்னால் விலை பின்னால், வைத்துவிட்டால் சிறுகதை இழுப்பறைக்குள்ளேயே அட்டைகள் விலைப்படி இருக்கும். ‘இதற்குச் சமமா’ என்று பார்க்கும் புலம் (வகை, விலை போன்ற பதிவின் ஒரு கூறு) முதலில், அடுக்கும் புலம் அடுத்து என்பது இதனால்தான்.

விலை ஏறுமுகம், ஆண்டு இறங்குமுகம் என்று கலந்து கேட்டால் இன்டெக்ஸும் அப்படியே கலந்திருக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் 8.0க்கு முன் இறங்குமுகம் என்று இன்டெக்ஸில் எழுதினால் ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஏறுமுகமாகவே கட்டும். பழைய சர்வர்களைப் பராமரிப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம். விலையே தெரியாத புத்தகங்கள் எங்கே போகும் என்பதையும் முடிவுசெய்யுங்கள். ஏறுமுகத்தில் போஸ்ட்கிரஸ் அவற்றைக் கடைசியில் வைக்கும், மைஎஸ்கியூஎல் முதலில் வைக்கும்.

இவ்வளவு நன்மை இருந்தால் எல்லாப் புலத்துக்கும் இன்டெக்ஸ் வைத்துவிடலாமே என்று தோன்றும். நூலகரை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு புதுப் புத்தகத்துக்கும் எல்லா இழுப்பறைகளிலும் ஓர் அட்டை செருக வேண்டும். விலை மாறினால் பழைய அட்டையை நீக்கிப் புதிய இடத்தில் வைக்க வேண்டும். இந்தச் செலவு உண்மையானது. அதனால் வரிசைப்படுத்தும் பெட்டியில் பத்து வழிகளைக் கொடுப்பதைவிட, வாசகர்கள் உண்மையில் பயன்படுத்தும் மூன்று நான்கை மட்டும் கொடுத்து அவற்றுக்குச் சரியான இன்டெக்ஸ் வைப்பதே நல்லது என்பேன். பாதுகாப்புக்கும் இது உதவும். புலத்தின் பெயரை இணைய முகவரியிலிருந்து எடுத்து அப்படியே குவெரியில் ஒட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மதிப்புகளைப்போலப் புலத்தின் பெயரைத் தனி அளவுருவாக அனுப்ப முடியாது என்பதால் நேரும் தவறு இது. தீய எண்ணம் உள்ளவருக்குத் திறந்த கதவு. அனுமதித்த நான்கு பெயர்களின் பட்டியல் நிரலில் இருக்கட்டும், வருவது அதில் ஒன்றா என்று பார்த்த பிறகு மட்டும் குவெரி போகட்டும்.

சராசரி மதிப்பீட்டின்படி, அதிகம் படிக்கப்பட்டதன்படி என்றெல்லாம் கேட்டால், கேட்கும்போது கூட்டிக் கழித்துக் கிடைக்கும் எண்ணுக்கு இன்டெக்ஸ் வைக்க முடியாது. அந்த எண்ணையும் ஒரு புலமாக எழுதி வைத்து, புது மதிப்பீடு வரும்போது திருத்த வேண்டும். நொடிக்கு நொடி மாறும் எண் என்றால் ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளத்தின் சார்ட்டட் செட் பொருத்தமானது. செருகும்போதே இடத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளும் அமைப்பு அது.

இரண்டாம் பக்கம்

முதல் பக்கம் வேகமாக வந்துவிட்டது. ‘அடுத்து’ என்பதைத் தொட்டால்? ஆஃப்செட் 20, லிமிட் 20, அதாவது முதல் 20ஐத் தாண்டி அடுத்த 20, என்று எழுதுவதுதான் எல்லோரும் முதலில் கற்கும் வழி. ஆஃப்செட் என்பது தாவல் அல்ல என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. 30,000 பதிவுகளைத் தாண்டு என்றால் தரவுத்தளம் 30,020 பதிவுகளை வரிசையாக எடுத்து, முதல் 30,000ஐக் கீழே போடும். இன்டெக்ஸ் இருந்தாலும் இதேதான். 1,501ஆம் பக்கத்துக்கு எந்த வாசகர் போகப்போகிறார் என்று கேட்கலாம். வாசகர் போகமாட்டார், பக்கம் பக்கமாகப் படித்துச் செல்லும் தேடுபொறிகளின் கிராலர்கள் போகும். மற்ற நிரல்கள் தரவு கேட்கும் வாசலான உங்கள் ஏபிஐயைப் பயன்படுத்தி முழுப் பட்டியலையும் நகலெடுக்கும் நிரல்கள் போகும். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் இந்த ஆபத்தை அறிந்துதான் 10,000 முடிவுகளுக்கு மேல் இப்படிப் போவதை இயல்பாகவே தடுத்துவிடுகிறது.

வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சரியாக இருப்பது. ‘புதியது முதலில்’ என்று ஒருவர் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு புதுப் புத்தகம் சேர்கிறது. எல்லாம் ஓரிடம் கீழே நகர்கின்றன. அவர் இரண்டாம் பக்கம் போனால் ஏற்கெனவே பார்த்த 20ஆவது புத்தகம் முதலில் நிற்கும். ஒன்று நீக்கப்பட்டிருந்தால் இன்னும் மோசம், ஒரு புத்தகம் அவர் கண்ணிலேயே படாமல் போய்விடும்.

எதுவும் சேராமல், நீங்காமல் இருந்தாலும்கூட இது நடக்கலாம். 250 ரூபாய் விலையில் 900 புத்தகங்கள் இருந்தால் அவற்றுக்குள் எது முன், எது பின் என்று நாம் சொல்லவில்லை. சொல்லாததைத் தரவுத்தளம் தன் வசதிப்படி முடிவுசெய்யும். முதல் பக்கத்துக்கு ஹீப் முறையையும் தொலைவிலுள்ள பக்கத்துக்கு முழு வரிசைப்படுத்தலையும் அது தேர்ந்தெடுத்தால் இரண்டிலும் சமமானவை வெவ்வேறு ஒழுங்கில் வரலாம். மருந்து எளிது: எந்த வரிசைக்கும் கடைசியில் தனித்துவமான ஒரு புலத்தை, பதிவு எண்ணை, சேர்த்துவிடுங்கள். விலைப்படி, விலை சமமானால் பதிவு எண்படி. இனிச் சமம் என்பதே கிடையாது.

இதைச் செய்துவிட்டால் ஆஃப்செட்டுக்கு மாற்றும் கிடைத்துவிடுகிறது. கடைசியாகக் காட்டிய புத்தகத்தின் விலை 250, எண் 1873 என்றால் அடுத்த பக்கத்துக்கு ‘இந்த இரண்டுக்கும் பின்னால் வரும் 20’ என்று கேட்கலாம். விலை 250க்கு மேல், அல்லது விலை 250ஆகவே இருந்து எண் 1873க்கு மேல். இன்டெக்ஸில் அந்த இடத்துக்கு நேரே போய், அங்கிருந்து 20 எடுத்தால் போதும். முன்னால் எத்தனை பக்கம் கடந்திருந்தாலும் வேலை ஒன்றுதான். நடுவில் புதுப் புத்தகம் சேர்ந்தாலும் எதுவும் இரட்டிக்காது. நூலில் அடையாள நாடா வைத்துவிட்டு மூடுவதுபோல. இதில் இழப்பது ஒன்று உண்டு, 37ஆம் பக்கத்துக்கு நேரே குதிக்க முடியாது. கீழே நகர்த்த நகர்த்த வரும் பட்டியல்களுக்கு அது தேவையே இல்லை.

அ, ஆ, இ…

மூன்றாவது குறைதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. தமிழ்த் தலைப்புகளின் வரிசை.

கணினிக்கு எழுத்துகள் எண்கள். வேறு எதுவும் சொல்லாவிட்டால் அந்த எண்களின்படிதான் அடுக்கும். யூனிகோடில் தமிழ் மெய்கள் இருக்கும் ஒழுங்கு இது: க ங ச ஜ ஞ ட ண த ந ன ப ம ய ர ற ல ள ழ வ, அப்புறம் ஶ ஷ ஸ ஹ. பள்ளியில் நாம் படித்தது இது இல்லை. ‘ந’வுக்குப் பக்கத்தில் ‘ன’, ‘ர’வுக்குப் பக்கத்தில் ‘ற’, ‘ள’வுக்குப் பிறகு ‘ழ’. இதற்குக் காரணம் இருக்கிறது. யூனிகோடின் இந்திய எழுத்துப் பகுதிகள் 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைப் பின்பற்றின. அந்தத் தரம் எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே சட்டத்தில், ஒத்த ஒலிக்கு ஒத்த இடம் என்று பொருத்தியது. அந்தச் சட்டத்தில் தமிழின் சிறப்பெழுத்துகள் தம் நெருங்கிய ஒலிகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தன. குறியீடு வைக்க அது வசதியான ஏற்பாடு. அகரவரிசைக்கு அது உதவாது.

விளைவைப் பாருங்கள். குறியீட்டு எண்படி ‘அன்பு, அமுதம், அழகு’ என்று வரும். தமிழ் வரிசையில் அது ‘அமுதம், அழகு, அன்பு’. ‘மரம், மறதி, மலர்’ என்பது ‘மரம், மலர், மறதி’ ஆக வேண்டும். ‘வள்ளி’ ‘வழி’க்குப் பின்னால் போக வேண்டும். ‘ஜன்னல்’ ‘ஞாயிறு’க்கு முன்னால் வந்து நிற்கிறது, கிரந்த எழுத்துகளை 18 மெய்களுக்கும் பின்னால் வைப்பதே நாம் எதிர்பார்ப்பது.

புள்ளி செய்யும் குழப்பம் இன்னும் நுட்பமானது. யூனிகோடில் ‘க’ என்பது ஒரு குறியீடு, ‘க்’ என்பது அதோடு புள்ளியும் சேர்ந்த இரண்டு குறியீடு. புள்ளியின் எண் எல்லா மெய்களுக்கும் உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. ஆகவே ‘கடல், கடிதம், கட்டடம்’ என்று வரும். தமிழ் இலக்கணத்தில் மெய் முதலில், உயிர் ஏறிய மெய் பிறகு. ‘ட்’ வந்த பிறகுதான் ‘ட’, ‘டி’. அதன்படி ‘கட்டடம், கடல், கடிதம்’. அகராதியில் சொல் தேடிப் பழகியவர் கை தானாகப் போகும் இடம் அதுதான். அங்கே அந்தச் சொல் இல்லையென்றால் அவர் ‘இந்தப் புத்தகம் இவர்களிடம் இல்லை’ என்று முடிவுக்கு வந்து போய்விடுவார்.

இந்த விதிகளை நாமே எழுத வேண்டியதில்லை. யூனிகோடு கன்சார்டியம் பராமரிக்கும் சிஎல்டிஆர் தொகுப்பில் தமிழுக்கான வரிசை விதி இருக்கிறது. ஐசியு என்ற நிரல் நூலகம் அதைப் பயன்படுத்துகிறது. உலாவியில் இன்டில் கொலேட்டர் என்ற ஒப்பிடும் கருவியைத் தமிழின் மொழிக்குறியோடு உருவாக்கினால் அந்த வரிசை கிடைக்கும். அதை ஒரு முறை உருவாக்கி வைத்துக்கொண்டு எல்லா ஒப்பீட்டுக்கும் பயன்படுத்துங்கள். ஒவ்வோர் ஒப்பீட்டுக்கும் தனித்தனியே லோக்கேல் கம்பேர் என்று அழைப்பது பெரிய பட்டியலில் மெதுவானது. அதே கொலேட்டருக்கு எண் வரிசை என்ற விருப்பத்தையும் கொடுத்தால் ‘தொகுதி 10’ ‘தொகுதி 2’க்கு முன்னால் வராது. போஸ்ட்கிரஸ் 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து ஐசியுவின் வரிசைகளை ஏற்கிறது. தமிழுக்கான வரிசையும் அதில் உண்டு. தலைப்புப் புலத்துக்கு அந்த வரிசையைக் குறிப்பிடுங்கள். குவெரியில் ஒரு வரிசையும் இன்டெக்ஸில் வேறொரு வரிசையும் இருந்தால் அந்த இன்டெக்ஸ் பயன்படாது. ஆங்கில வரிசையில் அடுக்கிய இழுப்பறையில் தமிழ் வரிசையைத் தேட முடியாதல்லவா?

வரிசை விதி மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2018 ஆகஸ்டில் லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் 2.28 வெளியானபோது பல மொழிகளின் வரிசை விதிகள் புதுப்பிக்கப்பட்டன. அந்த நூலகத்தின் வரிசையை நம்பி இன்டெக்ஸ் கட்டியிருந்த போஸ்ட்கிரஸ் தரவுத்தளங்களில், இயங்குதளத்தை மேம்படுத்தியதும் இன்டெக்ஸ் பழைய வரிசையிலும் தேடல் புதிய வரிசையிலும் ஆகிவிட்டன. இருக்கும் பதிவு தேடினால் கிடைக்காது. ஒரே மதிப்பு இருமுறை நுழையக் கூடாது என்று போட்ட தடையையும் மீறி இரட்டைப் பதிவு நுழையலாம். இன்டெக்ஸை மறுபடி கட்டுவதுதான் தீர்வு. இயங்குதள மேம்பாட்டுப் பட்டியலில் இதை ஒரு வரியாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

வரிசை விதி சரியாக இருந்தும் இரண்டு ‘ஸ்ரீ’க்கள் பிரிந்து நின்றால் வியப்படைய வேண்டாம். ‘ஸ’வில் தொடங்கித் தட்டினாலும் ‘ஶ’வில் தொடங்கித் தட்டினாலும் திரையில் ஒரே ‘ஸ்ரீ’தான் தெரியும், உள்ளே குறியீடுகள் வேறு. ‘கொ’ என்பதும் அப்படியே. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டியவர்களின் பழைய தரவு நிறைய இருக்கிறது. கொம்பு, கால் சிக்கலை ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி சீராக்கம் தீர்க்கும். ‘ஸ்ரீ’யைத் தீர்க்காது, அதற்கு நாமே ஒரு வரி எழுத வேண்டும். இரண்டையும் பதிவு உள்ளே வரும் வாசலிலேயே செய்துவிட வேண்டும்.

கடைசியாக ஆசிரியர் பெயர். தமிழில் இனிஷியல் முன்னால் வருகிறது. ‘அ. வேலு’, ‘மு. அன்பரசி’ என்ற இரண்டையும் எந்தக் கொலேட்டரிடம் கொடுத்தாலும் வேலு முன்னால் வருவார், ஏனென்றால் அது அப்பாவின் முதலெழுத்தைத்தான் பார்க்கிறது. நூலகங்கள் பெயரை முன்னால் போட்டு, கால்புள்ளி வைத்து, இனிஷியலைப் பின்னால் எழுதியது இதற்காகவே. முனைவர், கவிஞர், புலவர் என்ற அடைமொழிகள் இருந்தால் அவையும் குறுக்கே நிற்கும். ஆகவே காட்டும் பெயருக்கு ஒரு புலம், அடுக்கும் பெயருக்கு இன்னொரு புலம். இன்டெக்ஸ் அடுக்கும் பெயருக்கு. காட்டும் பெயரை யாராவது திருத்தினால் அடுக்கும் பெயரும் அதே கையோடு திருத்தப்பட வேண்டும்.

அடுக்கும் பெயரை நிரல் தானாகவே உண்டாக்கும்படி நான் முதலில் எழுதினேன். புள்ளி வைத்த ஓரெழுத்தை இனிஷியல் என்று எடுத்துக்கொள், மீதியைப் பெயராக வை. பெரும்பாலான பெயர்களுக்குச் சரியாகவே வந்தது. பிறகு ஊர்ப்பெயரோடு எழுதுகிறவர்கள் வந்தார்கள், புனைபெயரிலேயே புள்ளி வைத்திருப்பவர்கள் வந்தார்கள், இனிஷியலையே பெயராகக் கொண்டு அறியப்பட்டவர்கள் வந்தார்கள். இப்போது நிரல் ஒரு பரிந்துரையை மட்டும் நிரப்பிக் காட்டுகிறது. பதிவுசெய்கிற நூலகர் அதைப் பார்த்து, வேண்டுமானால் மாற்றி, சேமிக்கிறார்.